பழைய அவுட்போர்டு என்ஜின்: தாரையைப் பார்த்தால் போதுமா, திறந்து பார்க்க வேண்டுமா?

வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளி, என்ஜின் கயிற்றை இழுத்ததும் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது பக்கவாட்டில் இருக்கும் சிறு துளைக்குத்தான். அதிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தால் “தண்ணீர் வருகிறது, விடு” என்று கிளம்பிவிடுகிறார்கள். நம் திருநெல்வேலிக் கடற்கரையில் கூட்டப்புளி முதல் உவரி வரை இதுதான் வழக்கம். புது என்ஜினுக்கு இது போதும். பல ஆண்டு ஓடி, இரண்டு மூன்று கை மாறி வந்த டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்குப் போதாது. அந்தத் தாரை நன்றாக அடித்துக்கொண்டிருக்கும்போதே, சிலிண்டரை அடைத்திருக்கும் மூடியான ஹெட் சூட்டில் காய்ந்து பிஸ்டன் பிடித்துக்கொள்வதும் உண்டு. தாரை நின்றுவிட்டதே என்று பதறி, ஒரு குறையும் இல்லாத என்ஜினை முழுக்கப் பிரித்துப் போட்டுப் பணத்தை விடுவதும் உண்டு.

தாரையைப் பார்ப்பது, டிரம்மில் ஓட்டிப் பார்ப்பது, சூட்டை அளப்பது, பம்ப்பைத் திறப்பது, தெர்மோஸ்டாட்டையும் (சூட்டைப் பார்த்து நீருக்கு வழி திறந்து மூடும் வால்வு) ஹெட்டையும் திறப்பது என்று நம் கையில் ஐந்து வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் செலவும் வேறு, அது சொல்லும் சேதியும் வேறு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாரையைப் பார்ப்பதை விட வேண்டாம், ஆனால் அதை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். ஹெட்டின் சூட்டை அளந்த பிறகே பிரிப்பதா வேண்டாமா என்று தீர்மானியுங்கள். பிரிப்பதென்று ஆகிவிட்டால் கீழே பம்ப்பில் தொடங்கி மேலே போங்கள்.

தண்ணீர் போகும் வழி

இந்த வழியைத் தெரிந்துகொள்ளாமல் எந்தச் சோதனையும் பயன்படாது. காரில் உள்ள ரேடியேட்டர் இதில் கிடையாது. கடல்நீரே உள்ளே போய், சூட்டை வாங்கிக்கொண்டு, மறுபடி கடலிலேயே விழுகிறது. புரொப்பல்லருக்கு மேலே, கியர் பெட்டியின் இரு பக்கமும் சல்லடை போட்ட வாய் இருக்கிறது. அதன் வழியே நீரை இழுப்பது இம்பெல்லர். செங்குத்தாக இறங்கும் டிரைவ் ஷாஃப்டில் மாட்டிய, ஐந்தாறு இறக்கைகள் கொண்ட ரப்பர்ச் சக்கரம் அது. அதன் கூடு சற்று ஒருபக்கமாக ஒதுங்கி அமைந்திருப்பதால் இறக்கைகள் ஒரு பக்கம் மடங்கி மறுபக்கம் விரிகின்றன. அந்த மடங்கலும் விரிதலும்தான் நீரை மேலே தள்ளுகின்றன.

மெதுவாக ஓடும்போது இறக்கைகளின் நுனி கூட்டின் சுவரை ஒட்டித் தேய்த்தபடி தள்ளுகிறது. வேகம் கூடியதும் நீரின் அழுத்தமே இறக்கைகளைச் சுவரிலிருந்து விலக்கிவிடுகிறது. பிறகு அது கிணற்று மோட்டாரைப் போல நீரை வெளிப்புறமாக வீசித் தள்ளும் பம்ப்பாகிறது. தேய்ந்த இம்பெல்லர் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் மெதுவாக ஓடும்போது, காட்டிக்கொடுத்துவிட்டு, வேகத்தில் யோக்கியன் வேஷம் போடுவது இதனால்தான்.

பம்ப்பிலிருந்து ஒரு குழாய் மேலே ஏறுகிறது. புகை வெளியேறும் பாதையின் சுவர், சிலிண்டரைச் சுற்றிய நீரறை, ஹெட் என்று நீர் சுற்றிவந்து, தெர்மோஸ்டாட்டைக் கடந்து, புகையோடு கலந்து கீழே இறங்குகிறது. நாம் பார்க்கும் தாரை இந்தப் பாதையிலிருந்து பிரியும் ஒரு சிறு கிளை. அது எந்த இடத்தில் பிரிகிறது என்பது என்ஜினுக்கு என்ஜின் மாறும். சிலவற்றில் ஹெட்டைச் சுற்றிவந்த பிறகு பிரிகிறது. சிலவற்றில் அதற்கு முன்பே பிரிந்துவிடுகிறது. பின்னதில் ஹெட் முழுக்க உப்பு அடைத்திருந்தாலும் தாரை குறையில்லாமல் அடிக்கும். உங்கள் என்ஜினில் கிளை எங்கே பிரிகிறது என்று மேல்மூடியைக் கழற்றி, அந்தச் சிறு ரப்பர்க் குழாயைக் கையால் தொடர்ந்துபோய் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நம் மணலின் குணம்

1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமான பிறகு திருநெல்வேலிக்கு மிஞ்சியது ஒரு துண்டுக் கடற்கரைதான். ஆனால் அந்தத் துண்டில் கிடக்கும் மணல் லேசுப்பட்டதல்ல. கரையில் சிவப்பும் கறுப்புமாகப் படிந்து கிடப்பவை கார்னெட்டும் இல்மனைட்டும். உப்புத்தாள் செய்யவும், அழுத்தத்தோடு பீய்ச்சி இரும்பின் துருவை நீக்கவும் உலகம் முழுவதும் பயன்படுத்துகிற பொருள் கார்னெட். அதையே நாம் என்ஜினுக்குக் குடிக்கக் கொடுக்கிறோம். அது ரப்பர் இறக்கையையும் தின்கிறது, கூட்டின் உட்சுவரையும் தின்கிறது. சாதாரண வெள்ளை மணலைவிடக் கனம் அதிகம் என்பதால், உள்ளே போனது எளிதில் வெளியே வருவதுமில்லை. நீரோட்டம் மெதுவாக இருக்கும் மூலைகளில் தங்கிவிடுகிறது.

கப்பல்துறை போன்ற அமைதியான தண்ணீர் நமக்கு இல்லை. அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்ட ஊர்களில் கொஞ்சம் பரவாயில்லை. மற்ற இடங்களில் அலைக்குள்தான் இறக்க வேண்டும், ஏற்ற வேண்டும். முழங்கால் அளவுத் தண்ணீரில் என்ஜினை இறக்கிச் சுழலவிட்டால் புரொப்பல்லர் மணலைக் கிளறி நேராக வாய்க்குள் ஊட்டிவிடும். இரண்டு துடுப்பு கூடப் போட்டு ஆழத்துக்குப் போய் இறக்குவது எல்லா அலையிலும் முடியாது. முடிகிற நாளில் செய்தாலும் இம்பெல்லரின் ஆயுள் கூடும். ஆண்டுக்கொருமுறையோ இரண்டாண்டுக்கொருமுறையோ இம்பெல்லரை மாற்றச் சொல்லும் பொதுக் கணக்கு, தெளிந்த நீரில் பொழுதுபோக்குக்கு ஓடும் படகுகளை மனத்தில் வைத்து வந்தது. தினம் கரையேறும் வள்ளத்துக்கு ஆண்டுக்கொருமுறை என்பதே கடைசி எல்லை.

தாரை: செலவில்லாத சாட்சி, அரைகுறைச் சாட்சி

தாரையைப் பார்ப்பதற்குக் காசு வேண்டாம், நேரம் வேண்டாம், கடலிலும் ஓடிக்கொண்டே பார்க்கலாம். அதனால் இதை ஒதுக்க முடியாது. எதைப் பார்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வருகிறதா இல்லையா என்பதைவிட, நேற்றைக்கு இன்று எப்படி மாறியிருக்கிறது என்பதே சேதி. ஐடிலிங்கில் சொட்டி, வேகத்தில் நன்றாக அடித்தால் இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது. ஐடிலிங்கில் நன்றாக இருந்து, முழு வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடியதும் என்ஜின் திணறினால், தேவையான அளவு நீர் போகவில்லை. வாயில் பாலித்தீன் பை ஒட்டியிருக்கலாம், மேலே அடைப்பு இருக்கலாம். தாரையோடு ஆவியும் சேர்ந்து வந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, நிறுத்திவிட வேண்டும்.

தாரை அறவே நின்றுவிட்டால் முதல் வேலை ஒரு மெல்லிய கம்பி. கரையில் சில நாள் சும்மா கிடந்த என்ஜினின் துளையில் குளவி மண்கூடு கட்டிவிடும், உப்பும் இறுகிவிடும். கம்பியை விட்டுக் குத்தி எடுத்ததும் தாரை வந்துவிட்டால், அன்றைக்கு யாரையும் கூப்பிட வேண்டிய அவசியமில்லை. நைலான் மீன்பிடி நரம்பின் தடித்த துண்டு இரும்புக் கம்பியைவிட நல்லது, உள்ளிருக்கும் ரப்பர்க் குழாயைக் கிழிக்காது.

டிரம்மா, குழாயா, கடலா

என்ஜினைக் கரையில் ஓட்டிப் பார்க்க இரண்டு வழிகள். ஒன்று 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதற்குள் இறக்குவது. மற்றது, வாயின் இரு பக்கமும் ரப்பர்க் கிண்ணங்களைக் கவ்வவிட்டு, அதில் தண்ணீர்க் குழாயைச் சொருகுவது.

குழாய் வழி பார்க்க எளிது, ஆனால் சோதனைக்கு உதவாது. குழாயின் அழுத்தமே நீரை மேலே தள்ளிவிடுவதால் செத்த இம்பெல்லர்கூட உயிரோடு இருப்பதாகத் தெரியும். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. நம் வீடுகளின் மாடித் தொட்டியிலிருந்து வரும் நீருக்கு மூன்று, நான்கு மீட்டர் உயரத்தின் அழுத்தம்தான் இருக்கும். அதை நம்பி ஆக்சிலேட்டரைத் திருகினால் பம்ப் வறண்டுபோகும். நீரில்லாமல் ஓடும் இம்பெல்லர் கெட நிமிடங்கள் வேண்டாம், சில நொடிகள் போதும். குழாயை உப்பு கழுவுவதற்கு மட்டும், ஐடிலிங்கில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரம் இதைவிட நேர்மையானது. பம்ப் தன் சொந்த பலத்தில்தான் நீரை ஏற்ற வேண்டும். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, நீர்மட்டம் புரொப்பல்லருக்கு மேலுள்ள தகட்டைத் தாண்டி நிற்கிறதா என்று பார்த்து இறக்குங்கள். ஆனால் டிரம்முக்கும் ஓர் எல்லை உண்டு. புகை அந்தத் தண்ணீருக்குள்ளேயே வருவதால் சில நிமிடங்களில் நுரை கட்டுகிறது, பம்ப் காற்றை இழுக்கிறது, தாரை விட்டுவிட்டு அடிக்கிறது. தண்ணீரும் சூடேறிவிடுகிறது. அந்த நேரத்தில் என்ஜினைக் குறை சொல்வது அநியாயம். பாரமும் இல்லாததால் முழு வேகத்துச் சூடு டிரம்மில் தெரியவே தெரியாது. முதல் இரண்டு நிமிடத்தில் தெரிவதைத்தான் டிரம்மின் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். ராதாபுரம் பக்கத்துக் கடலோர ஊர்களில் குடத்துக்குக் குடம் கணக்குப் பார்க்கும்போது என்ஜினுக்கு 200 லிட்டர் என்றால் வீட்டில் சண்டைதான் வரும். குடிநீர் தேவையே இல்லை. வாயில் வைக்க முடியாத உவர்க் கிணற்று நீரே போதும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு இருக்கிறது, உவர்க் கிணற்றில் அதில் ஒரு சிறு பங்குதான். கழுவாமல் விடுவதற்கும் உவர்நீரில் கழுவுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. உவர்நீருக்கும் குடிநீருக்கும் உள்ள வித்தியாசம் சிறிது.

ஆகவே கழுவ டிரம் அல்லது குழாய், பம்ப்பைப் பார்க்க டிரம், சூட்டை அளக்கக் கடல்.

கையால் தொடுவதா, கருவியால் அளப்பதா

மெக்கானிக்குகளில் அனுபவசாலிகள் ஹெட்டில் விரலை வைத்துச் சொல்லிவிடுவார்கள். விரலை எடுக்காமல் வைத்திருக்க முடிகிறதா, எச்சில் தொட்டு வைத்தால் சுர்ரென்கிறதா என்பதே அவர்களின் அளவுகோல். சுர்ரென்ற பிறகு தெரிந்து என்ன பயன்? நீர் கொதிக்கும் 100 டிகிரியை ஹெட் தாண்டிய பிறகுதான் அந்தச் சத்தம் வரும். 60-க்கும் 85-க்கும் உள்ள வித்தியாசத்தை விரல் சொல்லாது, இரண்டுமே சுடும். நமக்கு வேண்டியது அந்த வித்தியாசம்தான்.

தூரத்திலிருந்து குறிவைத்து அளக்கும் வெப்பமானித் துப்பாக்கி ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஐந்து வழிகளில் செலவழித்த காசுக்கு அதிகம் திருப்பித் தருவது இதுதான் என்பது என் தீர்மானமான எண்ணம். கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் கிடக்கிற நெற்றி வெப்பமானியை எடுத்துவராதீர்கள். அது காய்ச்சல் பார்ப்பதற்கு, 43 டிகிரியோடு நின்றுவிடும். தொழிற்கூடத்துக்கான வகை வேண்டும்.

அளப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பளபளப்பான அலுமினியத்தை நோக்கிப் பிடித்தால் கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ஹெட்டில் ஒவ்வொரு பிளக்குக்கும் அருகிலும், தெர்மோஸ்டாட் மூடியிலும், சிலிண்டரின் அடிப்பக்கத்திலும் கறுப்பு மை ஒரு பொட்டு வைத்து, எப்போதும் அந்தப் பொட்டையே அளங்கள். கருவியை ஒரு சாண் தூரத்துக்குள் கொண்டுபோங்கள். தள்ளிப் பிடித்தால் பொட்டோடு பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து அளந்துவிடும். பாரத்தோடு பத்து நிமிடம் ஓட்டி, வேகத்தைக் குறைத்து, மூடியைத் தூக்கி அளக்க வேண்டும். மூடியைத் தூக்கும்போது கழுத்தில் துண்டு கிடக்கக் கூடாது, சட்டைக் கை தொங்கக் கூடாது. மேலே சுழலும் ஃபிளைவீல் துணியைப் பிடித்தால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். வேகத்தில் ஓடும்போது மூடியைத் தூக்கவே வேண்டாம்.

தெர்மோஸ்டாட் உள்ள என்ஜின்கள் பலவற்றில் ஹெட் 50-லிருந்து 70 டிகிரி வரை நிற்கும். 80-ஐத் தாண்டி நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கரைக்குத் திரும்புங்கள். ஒரே எண்ணைவிட எண்களுக்கு இடையேயான வித்தியாசம் அதிகம் பேசும். இரண்டு சிலிண்டர் என்ஜினில் ஒன்று மற்றதைவிடப் பத்து டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் பம்ப்பைக் குறை சொல்ல வேண்டாம், அந்தச் சிலிண்டரின் நீரறையில்தான் அடைப்பு. இரண்டும் சேர்ந்து ஏறினால் பம்ப், வாய், தெர்மோஸ்டாட் பக்கம் பாருங்கள். 35, 40 என்று குளிர்ந்தே கிடந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டிருக்கிறது, அல்லது முந்தைய சொந்தக்காரர் அதைக் கழற்றி எறிந்துவிட்டார். இந்த எண்களை ஒரு நோட்டில் குறித்துவைத்தால் அடுத்த மாதம் அளக்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

பம்ப்பைத் திறப்பது

சூடு ஏறுகிறது, வாய் சுத்தமாக இருக்கிறது என்றால் அடுத்தது இம்பெல்லர். இதை நானே செய்யலாமா, மெக்கானிக்கிடம் விடலாமா என்ற கேள்விக்கு என் பதில் போல்ட்டுகளைப் பார்த்துத்தான். கியர் பெட்டியை அதற்கு மேலுள்ள நீண்ட தண்டான காலோடு பிடித்திருக்கும் நான்கைந்து போல்ட்டுகள் முன்பு ஒழுங்காகக் கழற்றி கிரீஸ் வைத்து மாட்டியவையாக இருந்தால், கையில் கொஞ்சம் வேலைப்பழக்கம் உள்ள யாரும் ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடலாம். ஆண்டுக்கணக்கில் தொடாத என்ஜினில் உப்பு, ஸ்டீல் போல்ட்டையும் அலுமினிய உடலையும் ஒன்றாக வெல்டு வைத்ததுபோல் பிடித்திருக்கும். முறுக்கினால் தலை அறுந்துபோகும். அதற்குப் பிறகு துளையிட்டு எடுப்பது, மரை வெட்டுவது என்று இம்பெல்லரின் விலையைப் போல் பல மடங்கு போய்விடும். துருநீக்கி எண்ணெயை முதல் நாளே விட்டு, மறுநாள் மெதுவாகச் சூடுகாட்டி முன்னும் பின்னுமாக அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் வைராக்கியம் பாராட்டாமல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

கழற்றுவதற்கு முன் கீழே ஒரு வெள்ளை வேட்டியை விரியுங்கள். இம்பெல்லரை ஷாஃப்டோடு பிணைப்பது விரல் நகம் அளவுள்ள ஓர் அரைவட்டச் சாவி. அது மணலில் விழுந்தால் விழுந்ததுதான்.

வெளியே எடுத்த இம்பெல்லரைக் கையில் வைத்து மூன்று விஷயம் பாருங்கள். இறக்கைகள் மடங்கியபடியே இறுகிவிட்டனவா? நுனி தட்டையாகத் தேய்ந்திருக்கிறதா? இறக்கையின் அடியில், நடுச் சக்கரத்தோடு சேரும் இடத்தில், வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரிகிறதா? ஏதாவது ஒரு துண்டு காணாமல் போயிருந்தால் அது மேலே போயிருக்கிறது என்று அர்த்தம். குழாயிலோ தெர்மோஸ்டாட்டிலோ உட்கார்ந்துகொண்டிருக்கும். அந்தத் துண்டைக் கண்டுபிடிக்காமல் புது இம்பெல்லர் போட்டு மூடினால், புது இம்பெல்லரோடு பழைய அடைப்பும் அப்படியே இருக்கும்.

நம் கரையில் பலரும் தவறவிடுவது பம்ப்பின் கூட்டைத்தான். இம்பெல்லரை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு “புதுசு போட்டும் தண்ணீர் குறைவாகவே வருகிறதே, அண்ணாச்சி” என்பார்கள். கூட்டின் உள்ளே போட்டிருக்கும் உருளைத் தகட்டையும் அடித்தகட்டையும் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் கோட்டில் தடுக்கினால் அவையும் மாற வேண்டியவை. கார்னெட் மணல் கீறிய தகட்டில் புது ரப்பர் சுழன்றால் சில வாரங்களில் அதுவும் பழையதாகிவிடும். நாகர்கோவிலுக்கோ தூத்துக்குடிக்கோ ஒருமுறை பஸ் ஏறுவதென்றால் தனி இம்பெல்லரை விட்டுவிட்டு முழுப் பம்ப் கிட்டாகவே வாங்கிவருவது மேல். கிட்டில் இம்பெல்லர், தகடுகள், சாவி, கேஸ்கட், ரப்பர் வளையம் எல்லாம் இருக்கும்.

மாட்டும்போது ஷாஃப்டை அது வழக்கமாகச் சுழலும் திசையிலேயே, பெரும்பாலான என்ஜின்களில் மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாக, சுற்றிக்கொண்டே கூட்டை இறக்குங்கள். இறக்கைகள் சரியான பக்கம் மடங்கிக்கொள்ளும். கியர் பெட்டியை மேலே ஏற்றிக் காலோடு சேர்க்கும்போது தண்ணீர்க் குழாயின் கீழ்நுனி பம்ப்பின் ரப்பர் வளையத்துக்குள் சரியாக நுழைந்ததா என்று பார்க்காமல் போல்ட்டை இறுக்கக் கூடாது. ஒரு விரல்கடை விலகினாலும் பம்ப் காலுக்குள்ளேயே நீரைக் கொட்டிக்கொண்டிருக்கும், மேலே ஒன்றும் வராது.

தெர்மோஸ்டாட்: சோதிப்பதா, தூக்கி எறிவதா

தூக்கி எறிவதுதான் நம் பக்கத்தில் பெருவழக்கு. “அது இல்லாவிட்டால் தண்ணீர் தாராளமாகப் போகும்” என்பது வாதம். தண்ணீர் தாராளமாகப் போகும்தான், என்ஜின் அதன் சூட்டுக்கு வராது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் நம் என்ஜின்களில் இது இரட்டைக் கேடு. மண்ணெண்ணெய் ஆவியாக என்ஜின் சூடாக இருந்தாக வேண்டும். குளிர்ந்த என்ஜினில் அது அரைகுறையாக எரிந்து பிளக்கில் கரியாகப் படியும், பிஸ்டன் வளையங்களை ஒட்டவைக்கும். மாதத்துக்கொருமுறை பிளக் மாற்றிக்கொண்டு, கலப்பட மண்ணெண்ணெய் என்று திட்டிக்கொண்டிருப்பவர்கள் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்க்கலாம். மிகச் சிறிய பழைய என்ஜின்கள் சிலவற்றில் தொடக்கத்திலிருந்தே அது கிடையாது, அவை வேறு கணக்கு.

சோதனைக்கு அடுக்களை போதும். தெர்மோஸ்டாட்டை ஒரு நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வையுங்கள். எந்தச் சூட்டில் திறக்க வேண்டும் என்று அதன் மேலேயே பெரும்பாலும் எண் பொறித்திருக்கும். வெளிநீரால் குளிரும் என்ஜின்களில் 50-க்கும் 60-க்கும் இடையில் இருப்பது வழக்கம். அந்த எண்ணை ஒட்டி வாய் பிளக்கத் தொடங்கி, மேலும் பத்து டிகிரிக்குள் நன்றாகத் திறந்தால் கழுவித் திரும்ப மாட்டலாம். பிளக்காமல் அடம்பிடித்தாலோ, ஆறிய பிறகும் மூடாமல் இருந்தாலோ புதிது வாங்க வேண்டியதுதான். கார் கடையில் கிடைக்கும் 82, 88 டிகிரித் தெர்மோஸ்டாட் அளவு பொருந்துகிறதென்று போட்டுவிடாதீர்கள். கடல்நீரில் உள்ள சுண்ணாம்பு அந்தச் சூட்டில் நீரறைச் சுவரிலேயே கல்லாகப் படியும். அவுட்போர்டுக்குக் குறைந்த எண் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹெட்டைத் திறப்பதும் உப்பைக் கரைப்பதும்

இது கடைசி வழி. ஒரே சிலிண்டர் மட்டும் சூடேறினாலோ, ஒரு பிளக் மட்டும் ஆவியில் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்தாலோதான் இங்கே வர வேண்டும். பளிச்சென்ற பிளக் என்றால் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் வழியே அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. திறந்தால் கேஸ்கட் புதிது, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், என்ஜின் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் இல்லாதவர் இந்த வேலையைத் தொட வேண்டாம்.

திறக்காமல் கரைத்துப் பார்க்கலாம் என்பவர்களுக்கு மூன்று பொருள்கள் கண்ணில் படும். கழிவறை கழுவும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பைத் தின்று முடித்த கையோடு அலுமினியத்தையும் தின்னும். அதைத் தொடவே கூடாது. வினிகர் பாதுகாப்பானது, ஆனால் டிரம் அளவுக்கு வாங்கினால் கட்டுப்படியாகாது. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு நடுவில் நிற்கிறது. சிறிய டிரம்மில் லேசாகக் கரைத்து, தெர்மோஸ்டாட்டைத் தற்காலிகமாகக் கழற்றி, ஐடிலிங்கில் சில நிமிடம் ஓட்டி, நிறுத்தி, சற்று ஊறவிட்டு, பிறகு வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். இரவு முழுக்க ஊறவிட வேண்டாம். வெறும் உப்பு அடைப்பென்றால் இதுகூடத் தேவையில்லை, வெந்நீரே கரைத்துவிடும். மணல் அடைப்பு எந்த அமிலத்துக்கும் கரையாது, அதற்குத் திறப்பது ஒன்றே வழி.

எப்போது செய்வது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகுகாரர்களுக்கு அந்த ஓய்வு இல்லை. நமக்கு வாய்ப்பது ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வலுத்து வள்ளத்தை இறக்க முடியாத நாள்கள். பம்ப் கிட் மாற்றுவதற்கும் தெர்மோஸ்டாட் சோதனைக்கும் அந்த நாள்கள் கச்சிதம். சூடு அளப்பதை மட்டும் மாதமொருமுறை, கடலுக்குப் போகும் நாளிலேயே வைத்துக்கொள்ளலாம், தனி நேரம் வேண்டாம். தொழிலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள் கட்டாயம் கழுவிவிட்டுப் படுங்கள். உப்பு இறுகுவது ஓடும்போதல்ல, கிடக்கும்போது.

பழைய என்ஜின் வாங்குபவர்களுக்கு

விலைபேசும் இடத்தில் விற்பவர் எப்போதும் டிரம்மில் போட்டுத் தாரையைக் காட்டுவார். அது பம்ப்புக்குச் சான்று, ஹெட்டுக்கு அல்ல. மூடியைத் தூக்கி ஹெட்டின் பெயின்டைப் பாருங்கள். கொப்புளம் விட்டோ பழுப்பேறியோ இருந்தால் ஒருமுறை நன்றாகக் காய்ந்த என்ஜின் அது. ஹெட்டுக்கு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும். சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து இரண்டு சிலிண்டரையும் அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் விலையைக் குறைக்கக் கேட்பதைவிட எழுந்து வருவது லாபம். உதிரிபாகம் கிடைக்குமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். யமஹா, சுசுகி என்றால் நம் பக்கத்தில் பெரிய சிரமமில்லை. எவின்ரூட் தயாரிப்பு 2020-இலேயே நின்றுவிட்டது. பம்ப் கிட் இன்று கிடைத்தாலும், மற்ற பாகங்களுக்கு நாளை அலைய வேண்டியிருக்கும்.

கையில் இருக்கும் என்ஜினையே வைத்துக்கொள்வதா, விற்றுவிட்டு ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குவதா என்று தயங்குபவர்கள் பம்ப் கிட்டும் தெர்மோஸ்டாட்டும் போட்டு, பாரத்தோடு ஓட்டி, பொட்டுகளை அளந்து பார்க்கட்டும். 70-க்குள் நின்று, இரண்டு சிலிண்டரும் ஒத்துப்போனால் வைத்துக்கொள்ளலாம். அந்தச் செலவுக்குப் பிறகும் சூடு ஏறினால் ஹெட்டைத் திறக்கும் செலவை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிலிண்டரை போர் செய்து (உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி) 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் கூடுதல் பிஸ்டன் போட வேண்டும் என்ற பேச்சு வந்துவிட்டால், ஏற்கெனவே எத்தனை முறை போர் ஆகியிருக்கிறது என்று கேளுங்கள். கடைசி அளவு வரை போய்விட்ட பிளாக் என்றால் அதில் இன்னொரு ரூபாய் போடாமல், ஓடும் நிலையில் இருக்கும்போதே உள்ளதைச் சொல்லி உதிரிபாகத்துக்கு விற்றுவிடுங்கள். கியர் பெட்டிக்கும் காலுக்கும் எப்போதும் ஆள் இருக்கிறது.